ஊர்ப் பேப்பரின் வரலாற்றை எழுதுவது எப்படி

ஒரு ஊர்ப் பத்திரிகையின் வரலாற்றை எழுத வெளிக்கிடுகிறவர்கள் பெரும்பாலும் செய்கிற முதல் வேலை, அதன் வெள்ளிவிழா மலரை எங்காவது தேடிப்பிடித்து அதிலிருந்து குறிப்பெடுக்கத் தொடங்குவது. தயவு செய்து அதைக் கடைசிக்கு வையுங்கள். விழா மலரில் வாழ்த்துச் செய்தி இருக்கும், நிறுவுநருக்கு மாலை போட்ட படம் இருக்கும், ஆசிரியர்களின் பெயர் வரிசையாக இருக்கும். பேப்பர் வராமல் போன நாட்கள் இருக்காது, தாள் வாங்க வழியில்லாமல் பக்கம் குறைத்த மாதம் இருக்காது, வாழ்நாள் முழுக்க எழுத்துக் கோத்தவரின் பெயர் தேடினாலும் கிடைக்காது. அதை முதலில் வாசித்தால் அந்தக் கதை மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துவிடும். பிறகு பார்க்கிற ஒவ்வொரு தாளையும் அந்தக் கதைக்குள் திணிக்கத்தான் கை போகும். ஆகையால் தாளில் இருந்து தொடங்குங்கள். நான் யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுவதால் உதாரணங்கள் எல்லாம் இங்கத்தையவை, ஆனால் மட்டக்களப்போ மதுரையோ எதுவாக இருந்தாலும் முறை பெரிதாக மாறாது.

முதலில் எந்தப் பேப்பர், எந்தக் காலம் என்று முடிவெடுங்கள். "யாழ்ப்பாணப் பத்திரிகை வரலாறு" என்று பெரிய தலைப்பாக எடுத்தால் உதயதாரகையில் தொடங்கி உதயனில் முடிகிற, எல்லாரும் ஏற்கெனவே எழுதின அதே கட்டுரைதான் வரும். உதயதாரகை என்றால் 1841 ஜனவரி 7, அமெரிக்க மிஷன், மானிப்பாய் அச்சகம், தமிழும் ஆங்கிலமும், மாதம் இருமுறை. 1876இல் கத்தோலிக்கரின் பேப்பர், 1889 செப்டம்பர் 11இல் சைவ பரிபாலன சபையின் இந்துசாதனம், 1930இல் நா. பொன்னையா தொடங்கிய ஈழகேசரி. இதெல்லாம் தெரிந்த கதை, இவற்றில் எதுவும் நாளிதழாகத் தொடங்கியதும் இல்லை. நாளிதழ் என்று வந்தால் கே. சி. தங்கராஜா 1959இல் தொடங்கி 1961இல் நாளிதழான ஈழநாடு, எண்பதுகளில் ஈழமுரசு, முரசொலி, 1985 நவம்பரில் உதயன், 1990இல் ஈழநாதம், பிறகு வலம்புரி என்று போகும். இதில் ஒன்றை எடுங்கள், அதிலும் ஒரு ஐந்து வருடத் துண்டை எடுங்கள். ஐந்து வருடமே தாராளம், நாளிதழ் என்றால் ஆயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட தாள் வரும் என்பதைக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தாள் எங்கே கிடைக்கும்

யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குத்தான் எல்லாரும் முதலில் ஓடுவார்கள். போங்கள், ஆனால் 1981 மே 31 இரவும் ஜூன் 1உமாக அங்கே எரிந்தது 97,000 நூல்கள் மட்டும் இல்லை, கட்டி வைத்திருந்த பத்திரிகைகளும்தான் என்பதை மனதில் வைத்துக்கொண்டு போங்கள். அதே நாட்களில்தான் ஈழநாடு அலுவலகமும் எரிக்கப்பட்டது. அதாவது பேப்பர் தன்னுடைய பழைய பிரதிகளை வைத்திருந்த இடமும் போனது, ஊர் வைத்திருந்த இடமும் போனது, இரண்டும் ஒரே மூச்சில். 1981க்கு முந்திய ஈழநாடு ஒன்று இன்றைக்கு ஊரில் உங்கள் கையில் கிடைத்தால் அது பெரும்பாலும் ஒரு வீட்டில் இருந்து வந்ததாகத்தான் இருக்கும்.

எனவே மூன்று பக்கமாகத் தேட வேண்டும். ஒன்று இன்டர்நெட். நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தில் பத்திரிகைகளுக்குத் தனிப்பகுப்பு இருக்கிறது, 2005இல் இருந்து சேர்த்துக்கொண்டு வருகிறார்கள், இலவசமாகத் திறந்து பார்க்கலாம், இறக்கியும் வைத்துக்கொள்ளலாம். பேப்பரின் பெயரும் அதன் பின்னால் ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கும் இருக்கும். தேடும்போது ஒரே எழுத்துக்கூட்டலில் நிற்காதீர்கள். இந்துசாதனம், இந்து சாதனம் என்று சேர்த்தும் பிரித்தும் போட்டுப் பாருங்கள். அடுத்தது கொழும்பில் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களம். 1839ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கப் பத்திரிகைகள் கட்டளைச் சட்டப்படி பேப்பர் நடத்துகிறவர் தன் பெயரையும் அச்சகத்தையும் பதிந்தாக வேண்டும், 1885ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க அச்சிடுவோர், வெளியிடுவோர் கட்டளைச் சட்டத்தோடு பிரதி கொடுக்கிற கடமையும் வந்தது. வெள்ளைக்காரன் இதைச் செய்தது நமக்கு வரலாறு எழுத வசதியாக இருக்கட்டும் என்றில்லை, யார் என்ன எழுதுகிறான் என்று கண் வைத்திருக்கத்தான். ஆனால் அதனால்தான் யாழ்ப்பாணத்தில் ஒரு பிரதிகூட மிஞ்சாத நாளின் பேப்பர் சில வேளை கொழும்பில் கிடைக்கிறது. போவதற்கு முன் என்ன பேப்பர், எந்த ஆண்டு, எதற்காக என்று எழுதிக் கேட்டுவிட்டு, அடையாள அட்டையோடு போங்கள். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பல்கலைக்கழக நூலகத்தையும் ஈவ்லின் இரத்தினம் நிறுவகத்தையும் விட்டுவிட வேண்டாம்.

மூன்றாவது வீடுகள். இதுதான் நேரம் தின்கிற வேலை, எனக்குக் கேட்டால் இதுதான் ருசியான வேலையும். முழு பேப்பராக ஒருவரும் வைத்திருக்க மாட்டார்கள். அலுமாரித் தட்டில் விரித்திருப்பார்கள், ரங்குப் பெட்டியின் அடியில் போட்டிருப்பார்கள், பிள்ளையின் பழைய பள்ளிக்கூடப் புத்தகத்துக்கு உறையாகப் போட்டிருப்பார்கள். புத்தக உறையைக் கழற்றிப் பார்க்கும்போது உள்பக்கம் வெயில் படாமல் இருந்ததால் எழுத்து வெளிப்பக்கத்தைவிடத் தெளிவாக இருக்கும். மடிப்பை ஒரேயடியாக விரிக்காதீர்கள், காய்ந்த தாள் அந்த மடிப்பில்தான் உடையும். "பழைய பேப்பர் இருக்கா?" என்று வாசலில் நின்று கேட்டால் நிறைக்கு வாங்க வந்த ஆள் என்று நினைத்து இல்லை என்பார்கள். "உங்கட அப்பாவின்ர படம் எந்தப் பேப்பரிலாவது வந்ததா?" என்று கேளுங்கள். உடனே லாச்சி, அதாவது மேசை இழுப்பறை, திறபடும்.

அதே லாச்சிக்குள் கல்வெட்டும் இருக்கும். வெளியூர் வாசகருக்குச் சொல்வதானால், இங்கே ஒருவர் இறந்தால் முப்பத்தொராம் நாளுக்கு அச்சடித்துக் கொடுக்கிற நினைவுப் புத்தகத்தைத்தான் கல்வெட்டு என்போம். தேவாரம், திருவாசகம், புலம்பல் எல்லாம் தாண்டினால் செத்தவரின் வாழ்க்கை வரலாறு ஒன்றிரண்டு பக்கத்துக்கு வரும். அச்சகத் தொழிலாளி, விநியோக முகவர், ஊர் நிருபர் போன்றவர்களைப் பற்றி வேறு எங்கும் எழுதப்படாத விஷயம் அதில் இருக்கும்: எந்த ஆண்டு வேலைக்குச் சேர்ந்தார், முன்னம் எந்த அச்சகத்தில் இருந்தார், யாரிடம் தொழில் பழகினார். புகழுரையைக் கழித்துவிட்டு ஆண்டையும் இடத்தையும் மட்டும் எடுங்கள். பின்னட்டையின் கீழே அந்தக் கல்வெட்டை அடித்த அச்சகத்தின் பெயர் இருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தில் இவையும் நிறைய ஏற்றப்பட்டிருக்கின்றன.

ஒரு தாளை எப்படி வாசிப்பது

தாள் கையில் கிடைத்ததும் தலைப்புச் செய்தியை வாசிக்கக் கூடாது. கை துருதுருக்கும், பொறுங்கள். முதலில் மேலே பேப்பரின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள சின்ன எழுத்து. மலர் எத்தனை (அதாவது பேப்பரின் எத்தனையாவது வருடம்), அந்த மலரில் இதழ் எத்தனை, விலை எத்தனை சதம், ஆங்கிலத் தேதி, தமிழ்த் தேதி. பிறகு நேரே கடைசிப் பக்கத்தின் அடி. "இப்பத்திரிகை இன்னாரால், இன்ன இலக்கம், இன்ன வீதியிலுள்ள இன்ன அச்சகத்தில் அச்சிட்டு வெளியிடப்பட்டது" என்று ஒரு வரி இருக்கும். ஒருவரும் வாசிக்காத அந்த வரிதான் உங்களுக்கு உயிர். ஆசிரியர் மாறினால் முதல் பக்கத்தில் பெருமையாக அறிவிப்பார்கள், முதலாளி மாறினால் பல நேரம் இந்த வரியில் ஒரு பெயர் மாறுவதோடு சரி. விலாசம் மாறினால் ஏன் மாறியது என்று கேளுங்கள். வாடகை, வழக்கு, குண்டு, இடப்பெயர்வு, ஏதாவது ஒன்று பின்னால் இருக்கும்.

மலர், இதழ் எண்ணை வைத்துக் கணக்குப் பார்க்கலாம். மே 1ஆம் தேதிப் பேப்பரில் மலர் 4, இதழ் 61 என்று இருக்கிறது என்று வையுங்கள். வாரம் ஏழு நாளும் வந்த பேப்பர் என்றால் நாலாவது மலரின் முதல் இதழ் மார்ச் 2இல் வந்திருக்க வேண்டும், ஆறு நாள் என்றால் பெப்ரவரி 20 அளவில். அந்த நாளில் இருந்து மூன்று வருடம் பின்னால் போனால் பேப்பர் தொடங்கின நாளுக்குக் கிட்ட வந்துவிடுவீர்கள். விழா மலர் சொல்கிற தொடக்க நாள் இதோடு ஒத்துவராவிட்டால் நடுவில் பேப்பர் நின்றிருக்கிறது, அல்லது வாரப் பேப்பராக இருந்த காலத்தைக் கணக்கில் எடுத்திருக்கிறார்கள், அல்லது எடுக்கவில்லை. ஈழநாட்டின் தொடக்கத்தைச் சிலர் 1959 என்றும் சிலர் 1961 என்றும் எழுதுவது இப்படித்தான். இரண்டும் சரி, எதைத் தொடக்கம் என்கிறோம் என்பதுதான் விஷயம். எண்ணிலும் பிழை விடுவார்கள். நேற்றைய எண்ணை மாற்ற மறந்து அப்படியே அடித்த தாள்கள் உண்டு, ஆகையால் ஒரு தாளை மட்டும் நம்பிக் கணக்கை முடிக்காதீர்கள், முன்னும் பின்னும் இரண்டு தாளாவது பாருங்கள்.

மேல்பகுதி கிழிந்து தேதியே இல்லாத துண்டு கிடைத்தால் அதற்கும் வழி இருக்கிறது. தமிழ் வருடப் பெயர் எங்காவது தென்பட்டால் நல்லது, ஆனால் அறுபது வருடச் சுற்று என்பதை மறக்கக் கூடாது; துன்மதி வருடம் என்றால் அது 1981 சித்திரையில் தொடங்கியதாகவும் இருக்கலாம், 1921 சித்திரையில் தொடங்கியதாகவும் இருக்கலாம். தாளையும் எழுத்தையும் பார்த்தால் எது என்று விளங்கிவிடும். மரண அறிவித்தல், நல்லூர்த் திருவிழா விளம்பரம், சினிமாக் கொட்டகை விளம்பரம், யாழ். மத்திய கல்லூரிக்கும் சென்.ஜோன்ஸ் கல்லூரிக்கும் நடக்கிற கிரிக்கெட் போட்டியின் ஓட்ட விபரம், இவையெல்லாம் தேதி சொல்லும் சாட்சிகள். மத்திய கல்லூரி எத்தனை ஓட்டம் எடுத்தது என்பதை ஆண்டோடு ஒப்புவிக்கிற பழைய மாணவர் ஒருவராவது உங்கள் ஊரில் இருப்பார், கேட்டால் சந்தோசமாகச் சொல்வார், நிறுத்துவதுதான் கஷ்டம்.

அறுபதுகளின் பேப்பர் பார்க்கிறவர்களுக்கு ஒரு விசேட எச்சரிக்கை. 1966 தொடக்கம் 1971 வரை இந்த நாட்டில் வார விடுமுறை சனி, ஞாயிறு இல்லை. நிலவின் நிலையை ஒட்டி வருகிற பௌத்தப் போயா நாளும் அதற்கு முதல் நாளும்தான். ஆகவே அந்த ஆண்டுகளில் விடுமுறை, பள்ளிக்கூடம், கந்தோர் சம்பந்தப்பட்ட செய்திகள் ஞாயிறோடு ஒத்துவராவிட்டால் அச்சுப் பிழை என்று திருத்திவிடாதீர்கள். அந்தக் காலத்து நாட்காட்டி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

எழுத்து வடிவத்தை வைத்தும் காலம் சொல்லலாம் என்பார்கள். துதிக்கை போட்ட லை, ணை, னை எல்லாம் இருந்தால் பழசு என்பது பொதுவாகச் சரிதான். ஆனால் தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்த 1978ஐ யாழ்ப்பாணத்துத் தாளுக்கு எல்லைக்கோடாகப் போட முடியாது, இங்கே பழைய ஈய எழுத்து கேசில், அதாவது எழுத்து அடுக்கி வைக்கிற பெட்டியில், இருக்கிறவரைக்கும் அதைத்தான் கோத்தார்கள்.

வராத நாட்களின் அட்டவணை

இதைத்தான் நான் மிக முக்கியமான வேலை என்று சொல்வேன். கணினியில் ஒரு விரிதாளோ இல்லை ஒரு சிஆர் கொப்பியோ (தடித்த அட்டை போட்ட குறிப்பேடு) எடுத்து, நீங்கள் தேர்ந்த ஐந்து வருடத்தின் ஒவ்வொரு நாளையும் எழுதுங்கள். ஒவ்வொரு நாளுக்கும் எதிரே: தாளை நானே பார்த்தேன், இருக்கிறது என்று கேள்விப்பட்டேன், தாள் கிடைக்கவில்லை, பேப்பரே வரவில்லை. கடைசி இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. கிடைக்காததற்குக் காரணம் கறையானாக இருக்கலாம். வராததற்குக் காரணம் வரலாறு. அடுத்த தாளின் இதழ் எண்ணைப் பார்த்தால் எது என்று தெரியும். 14க்குப் பிறகு 15 என்றால் நடுவில் பேப்பர் வரவில்லை, 14க்குப் பிறகு 19 என்றால் நாலு தாள் எங்கேயோ இருக்கிறது, தேடுங்கள்.

அட்டவணை நிரம்ப நிரம்ப ஓட்டைகள் தானாகக் கதை சொல்லத் தொடங்கும். 1981 ஜூன் ஓட்டைக்குக் காரணம் தெரியும். 1987 அக்டோபர் 10ஆம் தேதி ஈழமுரசு, முரசொலி இரண்டின் அச்சகங்களையும் இந்திய இராணுவம் குண்டு வைத்துத் தகர்த்தது. அதற்கு முதல் நாள்வரை இருந்த இரண்டு வரிசையும் ஒரே நாளில் வெட்டுப்படும். 1995 அக்டோபர் 30, யாழ். குடாநாட்டின் மேற்குப் பகுதியான வலிகாமத்துச் சனம் முழுக்க ஒரே இரவில் கிழக்கே தென்மராட்சிப் பக்கம் இடம்பெயர்ந்த நாள். அதற்குப் பிறகு எந்தப் பேப்பர் எந்த விலாசத்தில் இருந்து வந்தது என்று அந்தக் கடைசிப் பக்க வரியைப் பாருங்கள் என்று முன்னமே சொன்னேன். 2006 ஓகஸ்டில் குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கிற ஏ9 பாதை பூட்டுப்பட்ட பிறகு அச்சுத்தாள் வருவது தடைப்பட்டது, அப்போது பக்க எண்ணிக்கை என்ன ஆகிறது என்று தனி நிரல் ஒன்று போட்டுக் குறியுங்கள். பக்க எண்ணிக்கை, விலை, தாளின் அளவு மூன்றையும் நாள்தோறும் குறித்தால், ஆசிரியத் தலையங்கம் ஒன்றுகூட வாசிக்காமலே ஒரு பேப்பரின் மூச்சு எப்போது இழுத்தது, எப்போது சீரானது என்று சொல்லிவிடலாம்.

தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்துத் தாள்கள் கிடைத்தால் கையால் தொட்டுப் பாருங்கள். கொப்பிக்கு வருகிற கோடு போட்ட தாளில் அச்சடித்த பேப்பர், அளவில் சின்னது, செய்தி எழுத்துக்கு ஊடாக நீலக் கோடு ஓடும். ஸ்கான் பண்ணும்போது கறுப்பு வெள்ளையில் எடுத்தால் அந்தக் கோடு மறைந்து சாதாரணத் தாள் போலத் தெரியும்; கட்டாயம் நிறத்தில் எடுங்கள். அந்தக் கோடுதான் செய்தி. மின்சாரம் இல்லாமல், சைக்கிள் டைனமோவைச் சுத்தி வானொலி கேட்டு எழுதின வெளிநாட்டுச் செய்திகளும் அந்தத் தாள்களில்தான் இருக்கின்றன.

தணிக்கைக் காலத்துத் தாளில் வெட்டின இடத்தை வெறுமையாகவே விட்டு அடித்திருப்பதையும் காண்பீர்கள். எத்தனை அங்குலம் வெறுமை என்று அளந்து குறியுங்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து 1982இல் தொடங்கிய ஆங்கில வார இதழ் சற்றர்டே றிவியூ 1983இல் தடை செய்யப்பட்டது போல முற்றாக நிறுத்தப்பட்டவையும் உண்டு. வெறுமையும் ஓட்டையும் வேறு வேறு, அட்டவணையில் வேறு வேறாகவே இருக்கட்டும்.

எதிர்ப் பேப்பரைப் படியுங்கள்

உங்கள் பேப்பரின் ஒரு மாதம் முற்றாகக் கிடைக்கவில்லையா? அதே மாதத்தின் எதிரிப் பேப்பரை எடுங்கள். யாழ்ப்பாணத்துப் பத்திரிகைகள் தொடக்கத்தில் இருந்தே ஒன்றையொன்று கண்டித்து வளர்ந்தவை. மிஷன் பேப்பருக்குச் சைவப் பேப்பர் பதில் எழுதும், சைவப் பேப்பருக்குக் கத்தோலிக்கப் பேப்பர் பதில் எழுதும், பதில் எழுதும்போது மறுதரப்பின் வசனத்தை அப்படியே எடுத்துப் போட்டுத்தான் கிழிப்பார்கள். காணாமல் போன தாளின் துண்டுகள் இப்படி எதிரியின் வயிற்றுக்குள் இருந்து வெளியே வரும். திட்டுகிறவன் மேற்கோளைச் சுருக்கியிருப்பான், வளைத்திருப்பான் என்பதை மட்டும் கவனியுங்கள். கொழும்புப் பேப்பர்களையும் பாருங்கள். வீரகேசரி 1930, தினகரன் 1932 என்று அவை முன்னமே வேரூன்றியவை, ரயிலில் வந்து இறங்கினவை. யாழ்ப்பாணத்துச் சங்கதியை யாழ்ப்பாணத்திலேயே அடித்து விடிய வாசலில் போடுவதுதான் உள்ளூர் நாளிதழின் பலம், ஆகவே ஒரே சம்பவம் இரண்டிலும் எந்த எந்த நாளில் வந்தது என்று ஒப்பிட்டால் உங்கள் பேப்பரை ஏன் சனம் வாங்கியது என்பது விளங்கும்.

பெயர்களில் அவசரப்பட வேண்டாம். உதயதாரகையின் முதல் ஆசிரியர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்று இருப்பதைப் பார்த்து அமெரிக்கப் பாதிரிமார் என்று எழுதிவிடுகிறார்கள். மிஷனில் படித்து மிஷன் பெயர் பெற்ற நம்மூர் ஆட்கள் அவர்கள். அதேபோல ஈழகேசரியில் இருந்த இராஜ அரியரத்தினம்தான் பிறகு ஈழநாட்டின் ஆசிரியர். ஒரு பேப்பர் நின்றால் அதன் ஆட்கள் எங்கே போனார்கள் என்று பின்னால் போங்கள், பேப்பரின் நடையும் பழக்கவழக்கமும் ஆட்களோடுதான் இடம் மாறும்.

ஆட்களோடு கதைப்பது

ஆசிரியர்கள் நிறைய எழுதிவிட்டார்கள், அவர்களிடம் கடைசியில் போகலாம். அச்சுக்கோப்பாளர், மெசின் ஓட்டினவர், புரூவ் பார்த்தவர், விடிய நாலு மணிக்குப் பேப்பர்க் கட்டுகளைச் சைக்கிளில் ஏற்றினவர், கடை வாசலில் விற்ற முகவர், இவர்களிடம் முதலில் போங்கள், வயது போய்க்கொண்டிருக்கிறது. வீட்டுக்குப் போகும்போது வெறுங்கையோடும் வினாக்கொத்தோடும் போகாதீர்கள், அவர் வேலை செய்த காலத்துத் தாள் ஒன்றின் பிரதியைக் கொண்டுபோங்கள். தாளை மடியில் வைத்தால் போதும். "இந்தத் தலைப்புக்கு எழுத்துக் காணாமல் மரத்தில் செதுக்கினது", "இந்தப் படத்தின்ர புளொக் தேய்ஞ்சு போச்சு, அதுதான் முகம் கறுப்பு" என்று கை தானாக இடத்தைக் காட்டும். படத்துக்கு உலோக புளொக் செய்த காலத்தில் ஒரு அரசியல்வாதியின் ஒரே படத்தை வருடக்கணக்காகப் போடுவார்கள். அமைச்சர் கிழவனாகியும் பேப்பரில் இளைஞராகவே இருப்பார். தலைமயிரைப் பார்த்து ஆண்டைக் கணிக்கப் போய்விடாதீர்கள்.

கேள்வி எப்படிக் கேட்பது என்றால், கருத்தைக் கேட்காமல் வேலையைக் கேளுங்கள். "பத்திரிகைச் சுதந்திரம் பற்றி என்ன நினைக்கிறீர்கள் ஐயா" என்றால் மேடைப் பேச்சு வரும். "ஒரு பக்கம் கோக்க எத்தனை பேர், எவ்வளவு நேரம்? கடைசிச் செய்தி எத்தனை மணிக்கு வரவேணும்? ஊரடங்குச் சட்டம் போட்டால் வீட்டை எப்பிடிப் போனீங்கள்? சம்பளம் வாரமா மாதமா? மிஞ்சின பேப்பரை என்ன செய்தது?" இப்படிக் கேட்டால் நீங்கள் நினைத்துப் பார்க்காத பதில் வரும். அண்ணை, ஐயா, மாஸ்டர், அம்மா என்று ஊர் முறையில் கூப்பிடுங்கள். தேத்தண்ணி தந்தால் குடித்துவிட்டுத்தான் ரெக்கோடரை எடுக்கலாமா என்று கேளுங்கள்.

துவக்கோடு வந்தவர்களைப் பற்றிய கதைகள் கட்டாயம் வரும். இந்த ஊரில் பேப்பர் அலுவலகத்துக்குள் ஆட்கள் செத்திருக்கிறார்கள். 2006 மே 2இல் உதயன் அலுவலகத்துக்குள் புகுந்து இரண்டு பணியாளரைச் சுட்டார்கள், 2013 ஏப்ரலில் அச்சு இயந்திரத்துக்குத் தீ வைத்தார்கள். எல்லா இயக்கமும் எல்லா இராணுவமும் ஏதோ ஒரு காலத்தில் ஏதோ ஒரு பேப்பரின் கதவைத் தட்டியிருக்கிறது. சொல்கிறவர் இன்னும் இங்கேதான் இருக்கிறார், அவர் பிள்ளைகளும் இங்கேதான். எதைப் பதியலாம், எதை எழுதலாம், பெயர் போடலாமா என்று தொடக்கத்திலேயே கேளுங்கள், முடிந்த பிறகு இன்னொரு தரம் கேளுங்கள். இரண்டாம் தரம் "அதை விடுங்கோ தம்பி" என்றால் விட்டுவிடுங்கள், உங்கள் கட்டுரைக்கு அது எவ்வளவு நல்ல துண்டாக இருந்தாலும் சரி. கனடா, லண்டன் பக்கம் இருப்பவர்களிடம் வைபரில் கதைக்கலாம், அங்கே இருப்பவர்கள் கொஞ்சம் தாராளமாகச் சொல்வார்கள், ஆனால் முப்பது வருடம் தள்ளி நின்று நினைத்துச் சொல்கிற தேதியை அட்டவணையோடு ஒட்டிப் பார்க்காமல் எழுதக் கூடாது.

இவ்வளவும் ஆன பிறகு விழா மலரை எடுத்து வாசியுங்கள். இப்போது அது உங்களை ஏமாற்றாது. எந்த ஆண்டைத் தாண்டிக் குதித்திருக்கிறார்கள், யார் பெயர் விடுபட்டிருக்கிறது, எந்தப் பங்காளிப் பிரச்சினை ஒரே வசனத்தில் முடிந்திருக்கிறது என்று பக்கத்துக்குப் பக்கம் தெரியும்.

படம் எடுத்து வைப்பது

இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை, போன் கமராவே போதும். ஜன்னலுக்குப் பக்கத்தில், நேர் வெயில் படாத இடத்தில், தாளை மேசையில் விரித்து மேலே இருந்து நேராக எடுங்கள், பிளாஷ் வேண்டாம். முழுப் பக்கம் ஒன்று, பிறகு மேல் பாதி, கீழ் பாதி, கடைசிப் பக்க அடிவரி தனியாக. மாரி மழை நேரம், அதாவது ஐப்பசி தொடக்கம் மார்கழிவரை, பழைய கட்டுகளைத் திறக்காமல் விட்டால் நல்லது, ஈரம் ஏறின தாள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கிழிசலுக்கு செலோடேப் ஒட்டவே கூடாது, கொஞ்ச வருடத்தில் மஞ்சளாகி எழுத்தையும் தின்றுவிடும். லமினேட் பண்ணுகிறவர்களைப் பற்றி நான் என்ன சொல்ல.

தொண்ணூறுகளுக்குப் பிந்திய பேப்பர் என்றால் யாராவது பழைய கணினிக் கோப்புகளைத் தரக்கூடும். திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் குப்பை மாதிரித் தெரியும், அழித்துவிடாதீர்கள். அது பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் அடித்ததாக இருக்கும். எழுத்துருவைப் போட்டால் வாசிக்கலாம், எழுத்துரு மாற்றி ஒன்றில் போட்டால் யூனிகோடாகவும் எடுக்கலாம். மாற்றும்போது ஒற்றுப் புள்ளியும் கொம்பும் இடம் மாறும், ஆகவே மூலக் கோப்பையும் அப்படியே வைத்திருங்கள்.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது பேப்பர் பெயர், ஆண்டு, மாதம், நாள், பக்கம் என்ற ஒழுங்கில் வையுங்கள், அப்போதுதான் தானாக வரிசைப்படும். யாருடைய வீட்டில் இருந்து எடுத்தது என்பதை அட்டவணையில் எழுதுங்கள், ஆனால் விலாசத்தை இணையத்தில் போட வேண்டாம். உரிமை விஷயத்தில், இலங்கையின் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிப்புரிமை பொதுவாக ஆக்கியவர் இறந்து 70 ஆண்டு வரைக்கும் உண்டு. பழைய மிஷன் பேப்பருக்குப் பயம் இல்லை, எண்பதுகளின் பேப்பரை முழுதாக வெளியிடுவதானால் உரிமையாளரிடம் கேட்க வேண்டும். மேற்கோள் காட்ட யாரிடமும் கேட்கத் தேவையில்லை.

எழுதி முடித்த வரைவை ஆசிரியருக்கு அனுப்ப முதல் ஒரு அச்சுக்கோப்பாளருக்கோ முகவருக்கோ வாசித்துக் காட்டுங்கள். மெசினின் பெயர், தெருவின் பெயர், யார் யாருக்கு மச்சான் என்பதில் எல்லாம் அவர் பிழை பிடிப்பார். தாள் படங்களை நூலகம் நிறுவனத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் ஒவ்வொரு பிரதி கொடுக்கும்போது வராத நாட்களின் அட்டவணையையும் சேர்த்தே கொடுங்கள், அடுத்து இதே பேப்பரைத் தேடி வருகிறவர் பாதி வேலையை அதில் இருந்து தொடங்கலாம்.